மறுமொழி: ‘வீச்சுப் பொது மடங்கு’ சரியாக வருமா?

வணக்கம் ஐயா, நண்பர்களே.

> இரண்டு எண்களுக்குள் அடங்கும் பொது மடங்குகளை ‘வீச்சுப் பொது மடங்கு’ என்று எழுதிவிடலாமே?

சொல் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீச்சை ஏற்கெனவே புள்ளியியலுக்குக் கொடுத்துவிட்டோம். அங்கே அது பெரிய மதிப்பிலிருந்து சிறியதைக் கழித்து வரும் ஒற்றை எண். நமக்கோ எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா தம்பி இருவருக்கும் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு வழித்தடத்தில் 12 நிமிடத்துக்கு ஒரு பேருந்து, இன்னொன்றில் 18 நிமிடத்துக்கு ஒன்று. காலை 6 மணிக்கு இரண்டும் ஒன்றாகக் கிளம்புகின்றன. 8 மணிக்கும் 9 மணிக்கும் இடையே எப்போதெல்லாம் ஒன்றாகக் கிளம்பும்?

மீச்சிறு பொது மடங்கு 36. நிமிடக் கணக்கில் பார்த்தால் 120, 180 என்ற இரண்டுக்குள் தேட வேண்டும். 120ஐ 36ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 12. மீதி இருப்பதால் 3ஐ விட்டுவிட்டு 4ஐ எடுத்தால் 144. அதோடு 36 கூட்டினால் 180. அக்கா 8.24 மட்டும் எழுதினாள். தம்பி 8.24, 9.00 என்று இரண்டையும் எழுதினான். ஒருவர் நோட்டை ஒருவர் பார்த்ததும் சண்டை. வகுத்தலில் இருவரிடமும் பிழை இல்லை. நான் எழுதிய ‘இடையே’ என்ற சொல்தான் இரண்டு பக்கமும் இழுத்தது. ‘8 மணி முதல் 9 மணி வரை’ என்று எழுதியிருந்தால் தம்பியின் விடைதான் சரி.

இதே கணக்கை வீச்சில் சொல்லிப் பாருங்கள். 120 முதல் 180 வரை என்றாலும் வீச்சு 60, 0 முதல் 60 வரை என்றாலும் 60. முன்னதில் கிடைப்பவை 144, 180. பின்னதில் 0, 36. (0 எல்லா எண்ணுக்கும் மடங்குதான். 6 மணிப் பேருந்துகளை விட்டுவிட முடியாதே.)

> அப்படியானால் ‘இடைவெளி’?

மூடிய இடைவெளி (இரு முனைகளும் சேர்ந்தது), திறந்த இடைவெளி (முனைகள் சேராதது) என்று தமிழ்நாட்டின் மேல்வகுப்புகளில் இருப்பது உண்மைதான். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இடைவெளி என்றால் ஒன்றுமில்லாத இடம். ‘சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு எழுது’ என்றுதானே சொல்லி வளர்க்கிறோம்? 144க்கும் 180க்கும் நடுவே உள்ள 36ஐத்தான் அந்தப் பிள்ளை இடைவெளி என்று நினைக்கும். ‘எல்லை’யும் நுண்கணிதத்துக்குப் போய்விட்டது.

என் பரிந்துரை: ஆயிடைப் பொது மடங்கு.

புள்ளியியலில் மதிப்புகளைப் பிரிவு பிரிவாகத் தொகுக்கும்போது வரும், தமிழ்நாட்டில் ‘பிரிவு இடைவெளி’ என்பதை இலங்கையில் ‘வகுப்பாயிடை’ என்றே படிக்கிறார்கள். அதனால் சொல் கணிதத்துக்குப் புதிதல்ல. பழமையும் உண்டு. 1179ஆம் குறளில், காதலர் வராதபோதும் தூங்காமல் வந்தபோதும் தூங்காமல் கண்கள் படும் பாட்டைச் சொல்லும் இடத்தில் ‘ஆயிடை’ வருகிறது. ‘அந்த இரண்டு நிலையிலும்’ என்பது பொருள். இரண்டு முனைகளையும் முதலில் சொல்லிவிட்டு, இரண்டையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. நமக்கு வேண்டியது அதுதானே?

> தமிழ்நாட்டு மாணவருக்குப் புதிதாக இருக்குமே?

இருக்கும். ‘மீச்சிறு’வும் யார் வீட்டிலும் புழங்கும் சொல் அல்ல, வகுப்பில்தான் பழகினோம்.

கலைச்சொல் தொகுப்பில் இப்படிச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்:

ஆயிடைப் பொது மடங்கு: தரப்பட்ட பூச்சியமல்லாத முழு எண்கள் எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபட்டு, குறித்த தொடக்க எண் முதல் இறுதி எண் வரை, அவ்விரண்டும் சேர்த்து, அமையும் எண்.

அப்புறம் ஒன்று பாக்கி இருக்கிறது. 12, 18 இரண்டுக்கும் 1 முதல் 30 வரை பொது மடங்கே கிடையாது. அங்கே ‘இல்லை’ என்று எழுதச் சொல்வதா, ‘வெற்றுக் கணம்’ என்று எழுதச் சொல்வதா? சின்ன வகுப்புக்கு ‘இல்லை’ போதும் என்பது என் எண்ணம். வகுப்பெடுக்கும் நண்பர்கள் சொல்லுங்கள்.