மழை ஈரத்துக்குப் பட்டறையில் எந்த ஹீட்டர் வைக்கலாம்?

அம்பாசமுத்திரத்தில் வீட்டுக் கார் ஷெட்டிலேயே மரச்சொப்பு கடைகிறேன். 12-க்கு 18 அடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஐப்பசி பாதியில் மழை பிடித்ததிலிருந்து சொப்புக்கு மேலே அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் காயும்போது பால் படிந்தாற்போல் வெள்ளை பூக்கிறது. நேற்று ஒரு குட்டி உரலும் குடமும் அப்படியே போச்சு.

200 வாட் குண்டு பல்பு இரண்டு எரியவிட்டேன், ஷெட்டில் சூடே ஏறவில்லை. லாக்கரை மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் தின்னர் கலந்தால் வெள்ளை குறைகிறது, ஆனால் மறுநாளும் கையில் ஒட்டுகிறது. அப்புறம் 2000 வாட் ஃபேன் ஹீட்டரை இரவல் வாங்கிப் போட்டேன். 6 ஆம்பியர் எம்.சி.பி. விழுந்துவிட்டது. விழுந்ததும் நல்லதுக்குத்தான், தீப்பிடிக்கிற தின்னர் வாடைக்குள் ஹீட்டரின் சிவந்த கம்பிச்சுருள் என்றால் பயமாக இருக்கிறது. இப்போது தனியாக 16 ஆம்பியர் லைன் இழுத்தாச்சு.

லாக்கர் அடிக்குமுன் ஷெட்டை உலர்த்த கம்பிச்சுருள் வெளியே தெரியாத ஆயில் ஹீட்டர் போதுமா, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர்தான் வாங்கவேண்டுமா?