சர்க்கரையா, சீனியா? பல ஊர்த் தமிழர் படிக்கும் ஒரே பிரசுரத்தை எப்படி எழுதுவது?

கேள்வி: மதுரைக்காரி, ஸ்கார்பரோ

வணக்கம். சொந்த ஊர் மதுரை. இப்போது டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் ஒரு மருத்துவ நிலையத்தில் உணவு ஆலோசகருக்கு உதவியாளராக இருக்கிறேன். நீரிழிவு உள்ளவர்களுக்காகத் தமிழில் 4 பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அச்சாகி வந்தது, கொடுக்கவும் ஆரம்பித்தோம்.

போன மாதம் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வந்தார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். வெறும் வயிற்றில் பார்த்த இரத்தச் சர்க்கரை அளவு, கனடாக் கணக்கில், 11-ஐ விட்டு இறங்கவில்லை. பிரசுரத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். முதல் பக்கம் முழுக்கப் பேனாவால் கோடு போட்டிருந்தார். "சர்க்கரையை அறவே தவிர்க்கவும்" என்ற வரிக்கு நேரே ஒரு சரி அடையாளம். "சர்க்கரை நான் தொடுறதே இல்லைப் பிள்ளை. பொங்கலுக்கு மட்டும்தான் வாங்கிறது" என்றார். அப்புறம் தேநீரைப் பற்றிக் கேட்டேன். நாளைக்கு நான்கு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி.

அவருக்குச் சர்க்கரை என்றால் பொங்கல் பானையில் போடுகிற பழுப்புச் சர்க்கரை. வெள்ளையாக இருப்பது சீனி. நான் எழுதியதை அவர் ஒரு வரி விடாமல் கடைப்பிடித்திருக்கிறார்.

எனக்கு இன்னும் உறுத்துவது என்னவென்றால், மதுரையில் எங்கள் வீட்டிலும் அது சீனிதான். கடையில் "ஒரு கிலோ சீனி" என்று கேட்டு வளர்ந்தவள் நான். எழுத உட்கார்ந்ததும் "சர்க்கரை" தானாக வந்து விழுந்துவிட்டது. அச்சில் வருகிற தமிழ் என்றால் இப்படித்தான் என்று எப்போதோ மனதில் பதிந்திருக்கிறது.

அடுத்த அச்சுக்கு முன்னால் முழுவதையும் திருத்தப் போகிறேன். எங்களிடம் வருகிறவர்களில் யாழ்ப்பாணத்தவர், தமிழ்நாட்டவர், மலேசியாவில் பிறந்தவர், இலங்கை முஸ்லிம்கள் என எல்லாரும் உண்டு. ஆளுக்கொரு பதிப்புப் போடப் பணம் இல்லை. கூட வேலை பார்ப்பவர் "நல்ல பொதுத் தமிழில் எழுது, எல்லாருக்கும் புரியும்" என்கிறார். அந்தப் பொதுத் தமிழ்தான் அந்த அம்மாவை ஏமாற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் சந்தேகமாக இருக்கும் இரண்டு வரிகளை அப்படியே தருகிறேன்:

"தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு கறி அல்லது பருப்பு."

"நம் விரத நாட்களில் (சஷ்டி, ஏகாதசி) மாத்திரை எடுப்பவர்கள் பட்டினி இருக்க வேண்டாம்."

இதுபோல எழுதிப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர், லண்டன்

தங்கச்சி, நான் பருத்தித்துறையில் பிறந்தவன். இங்கே ஆஸ்பத்திரிகளுக்கு நீண்ட காலம் தமிழில் மொழிபெயர்த்தேன். உங்களுக்கு நடந்தது எனக்கு மறுபக்கமாக நடந்தது.

"வைத்தியரைக் கேட்காமல் குளிசையை நிறுத்த வேண்டாம்" என்று ஒரு தாளில் எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் இதைவிடத் தெளிவாக ஒரு வசனம் எழுத முடியாது. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் அதை வாசித்துவிட்டு, "நான் சித்த மருந்து எதுவும் சாப்பிடவில்லை, இது எனக்கு இல்லையே" என்று தாளைத் திருப்பித் தந்தார். அவருக்கு வைத்தியர் என்றால் நாட்டு வைத்தியர். குளிசை என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை, குளிகை என்று எடுத்துக்கொண்டார். அது சித்த மருத்துவத்தில் உருட்டித் தருகிற மருந்து. அன்று முதல் நான் "டாக்டர்" என்றுதான் எழுதுகிறேன். "மாத்திரை (குளிசை)" என்று முதல் தடவை இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டு, பிறகு மாத்திரை என்றே கொண்டுபோவேன். தூய தமிழ் இல்லை என்று என்னைத் திட்டியவர்களும் உண்டு. திட்டட்டும்.

இனி உங்கள் தட்டுக்கு வருவோம். அந்த வரியில் பெரிய பள்ளம் இருக்கிறது. உங்களுக்குக் கறி என்றால் ஆட்டுக்கறி, கோழிக்கறி. எங்களுக்குச் சோற்றோடு வருகிற எல்லாமே கறிதான். கத்தரிக்காய்க் கறி, பூசணிக்காய்க் கறி, உருளைக்கிழங்குக் கறி. அந்த அம்மா உங்கள் வரியைப் பார்த்து, கால் பங்கு சோற்றுக்குப் பக்கத்தில் கால் பங்கு உருளைக்கிழங்குக் கறியை வைத்தால் பாதித் தட்டு மாச்சத்து ஆகிவிடும். அவர் சொன்னபடி செய்ததாகத்தான் நினைப்பார். ஆகவே கறி என்ற சொல்லை முழுதாக எடுத்துவிடுங்கள். "மீன், கோழி இறைச்சி, முட்டை, பருப்பு, கடலை" என்று பொருளின் பெயரையே எழுதுங்கள். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் சோற்றின் பக்கம் என்று தனியாக ஒரு வரி வேண்டும். காய்கறி என்பது எங்களுக்கு விளங்கும். ஆனாலும் பக்கத்தில் ஒரு தடவை "மரக்கறி" என்று போட்டால் அந்த அம்மா தன்னோடு பேசுகிறார்கள் என்று நினைப்பார். அதற்கும் பெறுமதி உண்டு.

சீனிக்கு வழி: "சீனி (வெள்ளைச் சர்க்கரை), வெல்லம், பனங்கட்டி, கருப்பட்டி, தேன்: எதுவானாலும் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்." பனங்கட்டியைக் கட்டாயம் எழுதுங்கள். சீனியை விட்டுவிட்டு, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தால் பரவாயில்லை என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

எண்களையும் பாருங்கள். இரத்தச் சர்க்கரை அளவு கனடாவில் 7 (mmol/L) என்பது இந்தியாவிலும் இலங்கையிலும் 126 (mg/dL). 18-ஆல் பெருக்க வேண்டும். அந்த யாழ்ப்பாணத்து அம்மாவின் 11 அங்கே 198. ஊரில் இருக்கிற தங்கையோடு தொலைபேசியில் கதைக்கும்போது "அவளுக்கு 130, எனக்கு 11தானே" என்று நிம்மதி அடைகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு அளவும் உள்ள சிறு அட்டவணை ஒன்று கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் நாலைந்து பேரிடம் வாசிக்கக் கொடுங்கள். விளங்குகிறதா என்று மட்டும் கேட்க வேண்டாம், எல்லோரும் ஓம் (ஆமாம்) என்றே சொல்வார்கள். "இதை வாசித்த பிறகு நாளைக்குக் காலைச் சாப்பாட்டில் எதை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள்.

பதில்: கிள்ளான், மலேசியா

எங்கள் பாட்டி இந்த நோயை "இனிப்பு நீர்" என்றுதான் சொல்வார். நீரிழிவு என்று தலைப்பில் போட்டால் இங்குள்ள வயதானவர்களில் சிலர் அது வேறு ஏதோ நோய் என்று விட்டுவிடுவார்கள். தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் "சர்க்கரை நோய், சீனி வியாதி, இனிப்பு நீர்" என்று எல்லாப் பெயரும் இருந்தால் நல்லது.

இன்னொன்று. தேநீரில் சீனி போடாதீர்கள் என்றால் மலேசியாக்காரர் "நான் போடுவதில்லையே" என்பார். தே தாரிக் என்ற எங்கள் ஊர்ப் பால் தேநீரில் இனிப்பு கெட்டிப் பாலிலிருந்து (டின்னில் வரும் கன்டென்ஸ்டு மில்க்) வருகிறது, தனியாகச் சீனி போட வேண்டிய தேவையே இல்லை. மைலோவும் அப்படித்தான். கெட்டிப் பால் என்ற சொல் பிரசுரத்தில் இருக்க வேண்டும்.

பதில்: காயல்பட்டினம்

சகோதரி, உங்கள் இரண்டாவது வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "நம் விரத நாட்களில்" என்று தொடங்கி அடைப்புக்குள் சஷ்டி, ஏகாதசி என்று இருக்கிறது. இதைப் படிக்கிற என் உம்மா (அம்மா) இது தனக்கானது இல்லை என்று அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்குத்தான் அந்தப் பத்தி மிகவும் தேவை. சர்க்கரை வந்து 20 வருடமாகியும் ரமலானில் 30 நோன்பையும் பிடிக்கிறவர்கள். நாங்கள் விரதம் என்று சொல்வதில்லை, நோன்பு என்போம். ஒரு "நம்" போய்விட்டு "நோன்பு" என்ற சொல் உள்ளே வந்தால் போதும், உம்மா நின்று படிப்பார்கள். கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் இருக்கிறது, அதையும் சேருங்கள்.

"பட்டினி" என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். சோறு இல்லாமல் கிடப்பதுதான் பட்டினி. நோன்பைப் பட்டினி என்றால் மனம் சுருங்கும்.

"இருக்க வேண்டாம்" என்று ஒரே வெட்டாக எழுதினால் உம்மா கேட்க மாட்டார்கள். மறைத்துப் பிடிப்பார்கள், டாக்டரிடமும் சொல்ல மாட்டார்கள். அதுதான் ஆபத்து. நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு. குர்ஆனில் 2-ஆம் அத்தியாயம் 184, 185 வசனங்களில் அது இருக்கிறது. உங்கள் பிரசுரம் மார்க்கத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். நோன்பு பிடிப்பது உங்களுக்குப் பாதுகாப்பா என்று கேளுங்கள். மாத்திரை, இன்சுலின் நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள். பகலிலும் விரலில் குத்திப் பாருங்கள். அளவு 70-க்குக் கீழே (உங்கள் ஊர்க் கணக்கில் 3.9) இறங்கினாலோ, 300-க்கு மேலே (16.6) ஏறினாலோ நோன்பை விட்டுவிடுங்கள்.

விரலில் குத்தினால் நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து சோதிக்காமலே இருப்பவர்கள் இருக்கிறார்கள். முறியாது என்றுதான் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பரவலாகச் சொல்கிறார்கள். இந்த ஒரு வரியை உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் இமாமிடம் காட்டி, அவர் ஒப்புக்கொண்டார் என்று போட்டால் உம்மாவைப் போன்றவர்கள் நம்புவார்கள்.

மதுரைக்காரி, ஸ்கார்பரோ

எல்லாருக்கும் நன்றி. "நம்" என்பதை நான் யோசிக்கவே இல்லை. பாசத்தோடு எழுதிய சொல் அது. அது யாரையோ வெளியே நிறுத்தும் என்று சொன்ன பிறகுதான் தெரிகிறது. எடுத்துவிட்டேன்.

இமாமிடம் சனிக்கிழமை போகிறேன். இரண்டு அளவும் உள்ள அட்டவணை கடைசிப் பக்கத்தில் வந்துவிட்டது. தட்டுக்குப் படமும் போடுகிறோம், கறி என்ற சொல் எங்கேயும் இல்லை.

நேற்று அந்த அம்மாவை வரச்சொல்லிப் புதுக் கையெழுத்துப் படியைக் கொடுத்தேன். அளவு 4-க்குக் கீழே இறங்கினால் உடனே செய்ய வேண்டியதை, "3 கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவும்" என்று எழுதியிருந்தேன். லண்டன் அண்ணன் சொன்னபடி, என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சமையலறைக்குப் போய்க் கரண்டி எடுப்பேன் என்றார். எந்தக் கரண்டி என்றேன். கையை நீட்டிக் காட்டினார், குழம்பு ஊற்றுகிற அகப்பை அளவுக்கு.

இப்போது "3 தேக்கரண்டி" என்று திருத்தி, பக்கத்தில் தேக்கரண்டியை அதன் உண்மையான அளவிலேயே வரைந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை திரும்ப வருகிறார். அவர் படித்துக் காட்டிய பிறகுதான் அச்சுக்குப் போகும்.