புதுப்பிப்பு: கார் இல்லாமல் அம்மாவுடன் ஈம் கிராமம்

முழங்கால் வலி உள்ள அம்மாவோடு, கார் இல்லாமல், இங்கிலாந்தின் டெர்பிஷையரில் உள்ள ஈம் என்ற கொள்ளைநோய்க் கிராமத்தை ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிந்தது.

பக்கத்து ஊரான கிரிண்டில்ஃபோர்டு வரை ரயில், அப்புறம் நடை என்ற யோசனையை ஏற்றத்துக்குப் பயந்து விட்டுவிட்டோம். ஷெஃபீல்டிலிருந்து பேருந்தில் போகச் சொன்னதுதான் சரியாக அமைந்தது. ஒன்று, Eyam என்று எழுதும் ஊர்ப்பெயரை 'ஈம்' என்று சொல்ல வேண்டும். நான் 'ஈயம்' என்றே வாசித்திருந்தேன். அந்தப் பக்கம் ஈயச் சுரங்கங்களும் இருந்தன!

தேவாலயமும் அதையொட்டிய, நோய் தாக்கிய வீடுகளும் பக்கம் பக்கமாகவே இருப்பதால் அம்மாவுக்குச் சிரமமில்லை. 1665-இல் லண்டனிலிருந்து தையற்காரருக்கு வந்த துணிப்பொதியோடு நோய் வந்ததாகச் சொல்கிறார்கள். மறு ஆண்டு, நோய் வெளியே பரவாமலிருக்க, போதகர் மாம்பெசனின் பேச்சைக் கேட்டு ஊரே தன்னை அடைத்துக்கொண்டது. அந்த நோயில் இறந்த அவர் மனைவி கேத்தரினின் கல்லறை தேவாலய வளாகத்திலேயே இருக்கிறது. அம்மா அங்கே வெகுநேரம் நின்றார்.

அடைபட்ட ஊரின் எல்லையைக் குறித்த எல்லைக்கல்லுக்கு நான் மட்டும் போனேன். வயல் வழிப் பாதை. மழைக்குப் பின் வழுக்கும், நல்ல காலணி வேண்டும். வெளியூரார் வைத்த உணவுக்கு விலையாக, காசு வழியே நோய் பரவாதென்று நம்பி வினிகர் ஊற்றிய அந்தக் கல்லின் குழிகளில் ஊரார் காசு போட்டார்களாம். எதிர்பாராதது: இன்றும் அந்தக் குழிகளில் சில்லறை கிடக்கிறது. நானும் ஒரு பென்னி வைத்துவிட்டு வந்தேன்.

நோயில் இறந்த ஒரு குடும்பத்தாரின், மேட்டிலுள்ள ரைலி கல்லறைகளைப் பார்க்க நேரமில்லை.