கலிஃபோர்னியா ஜோ ஒருத்தரா, ரெண்டு பேரா?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர்ல கர்னல் பெர்டானோட பச்சைச் சீருடைக் குறிசுடும் படையில இருந்த கலிஃபோர்னியா ஜோதான் அப்புறம் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டருக்கு வேவு பாத்தவரா? ஒரே ஆளுன்னு நெனச்சு ஆல்பத்துல ஒரே பக்கத்துல ஒட்டிட்டேன்.

பதில் 1: வேற வேற ஆளுங்க. உங்க போர்க்காரர் ட்ரூமன் ஹெட். சொந்தக் காசுல ஷார்ப்ஸ் துப்பாக்கி வாங்கினவர். 1862-லயே கண் மங்கி, படையிலிருந்து அனுப்பிட்டாங்க. அவரு எங்க 1868-ல கஸ்டருக்கு வேவு பாக்க?

பதில் 2: கஸ்டரோட ஆளு மோசஸ் மில்னர். கோவேறு கழுதை சவாரி, வாயில எந்நேரமும் பைப். தலைமை வேவுக்காரரா ஆக்குன அன்னிக்கு ராத்திரியே தண்ணியப் போட்டுப் பதவியத் தொலைச்ச மகராசன்! 1876 அக்டோபர்ல, நெப்ராஸ்கா ராபின்சன் முகாம்ல முதுகுல சுட்டுக் கொன்னாங்க. ஹெட் 1875-லயே சான் பிரான்சிஸ்கோவுல காலமாயிட்டார்.

கேள்வி கேட்டவர்: போச்சு. பச்சைச் சீருடைக்காரர் ஹெட் பேருக்குக் கீழ கழுதைக்காரர் மில்னர் படம். பசை வேற நல்லாப் பிடிச்சிருச்சு.