திரவக் குளிர்விப்பான்: விசிறிகள் ஓயாமல் ஏறி இறங்குகின்றன, இணைப்பில் தவறா?

நீலவானம்:

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன்பு ஒரு கடையில் சொல்லிப் புதிய கணினி ஒன்றைப் பூட்டி வாங்கினேன். பிராசஸர் ரைசன் 7 7700எக்ஸ். அதற்கு 240 மி.மீ. ரேடியேட்டர் (திரவத்தின் வெப்பத்தைக் காற்றில் விடும் பகுதி) கொண்ட திரவக் குளிர்விப்பான் பொருத்தியிருக்கிறார்கள். திருமண வீடியோக்களை எடிட் செய்வது என் தொழில் என்பதால் இரவிலும் வேலை ஓடும். அதே அறையில்தான் என் தம்பியும் உறங்குகிறான்.

கணினி சும்மா இருக்கும்போது ஓசையே இல்லை. ஆனால் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும், வெப்பம் 50 டிகிரியிலிருந்து 80-க்குத் தாவுகிறது, விசிறிகள் இரைகின்றன, பத்து நொடியில் அடங்குகின்றன, சற்று நேரத்தில் மறுபடியும் அதே கதை. பக்கக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். பம்பிலிருந்து வரும் வயரும் ரேடியேட்டர் விசிறிகள் இரண்டின் வயர்களும் ஒரே ஸ்பிளிட்டரில் (ஓர் இணைப்பைப் பல கிளைகளாகப் பிரிக்கும் வயர்) சேர்ந்து, மதர்போர்டில் 'சிபியு ஃபேன்' என்று எழுதியுள்ள இடத்தில் செருகப்பட்டிருக்கின்றன. பம்பின் வயருக்கு மூன்று துளை, விசிறிகளுக்கு நான்கு துளை. பக்கத்திலேயே 'ஏஐஓ பம்ப்' என்று, திரவக் குளிர்விப்பானின் பம்புக்கான இடம் காலியாக இருக்கிறது. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) சிபியு ஃபேன் ஹெடருக்கு, அதாவது அந்த வயர் செருகும் இடத்துக்கு, நேரே டிசி என்றிருக்கிறது. அங்கே காட்டும் வேகம் நிமிடத்துக்கு 1,100 சுற்றுக்கும் 2,700 சுற்றுக்கும் இடையே ஊசலாடுகிறது. விசிறியின் பெட்டியிலோ அதிகபட்சம் 1,800 என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள். நான் எதை மாற்ற வேண்டும்?

கம்பிச்சுருள்:

நண்பரே, நீங்கள் கடைசியாக எழுதிய எண்ணிலேயே விடை இருக்கிறது. 1,800-க்கு மேல் சுற்ற முடியாத விசிறி 2,700 என்று காட்டாது. அது பம்பின் வேகம். ஸ்பிளிட்டரில் எத்தனை சாதனங்களைச் சேர்த்தாலும் ஒன்றின் வேகம் மட்டுமே போர்டுக்குத் திரும்பி வரும், ஏனென்றால் வேகத்தைச் சொல்லும் மூன்றாவது கம்பி ஒரே ஒரு கிளையில்தான் இருக்கும். உங்கள் கணினியில் அந்தக் கிளையில் பம்ப் அமர்ந்திருக்கிறது.

நான்கு பின்களில் முதலாவது தரை, இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது வேகக்கணிப்பு, நான்காவது பிடபிள்யூஎம் கட்டளை. பிடபிள்யூஎம் முறையில் 12 வோல்ட் குறையாமல் வந்துகொண்டிருக்கும். எவ்வளவு வேகம் என்பதை 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்பின் வழியே நான்காவது கம்பி சொல்லும். டிசி முறையில் அப்படியல்ல, போர்டு மின்னழுத்தத்தையே குறைத்து வேகத்தைக் குறைக்கும். உங்கள் ஹெடர் டிசியில் இருப்பதால் கணினி ஓய்வாக இருக்கும்போது விசிறிகளோடு சேர்த்துப் பம்பின் மின்னழுத்தமும் குறைந்துவிடுகிறது. பம்ப் தளர்ந்தால் பிராசஸரின் மேலுள்ள செப்புத்தகட்டிலிருந்து திரவம் வெப்பத்தை வேகமாக எடுத்துச் செல்ல முடியாது, வெப்பம் சட்டென்று ஏறும். ஏறியதும் போர்டு எல்லாவற்றுக்கும் முழு மின்னழுத்தம் தரும், பம்ப் வேகமெடுக்கும், வெப்பம் இறங்கும். இறங்கியதும் மறுபடியும் தளரவிடும். நீங்கள் கேட்கும் இரைச்சல் இந்தச் சுழற்சிதான்.

வயரைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கணினி ஓய்வாக இருக்கும்போது ரேடியேட்டருக்குச் செல்லும் இரு குழாய்களையும் ஒவ்வொரு கையால் பிடியுங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் திரவம் ஓடுவதாகக் கொண்டால், 100 வாட் வெப்பத்துக்கு இரு குழாய்களிடையே ஒன்றரை டிகிரிகூட வித்தியாசம் இராது, கைக்கு அது தெரியாது. ஒன்று சுடுகிறது, மற்றொன்று வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால் ஓட்டம் போதவில்லை என்று பொருள்.

பிறகு கணினியை அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டு, பம்பின் வயரை ஸ்பிளிட்டரிலிருந்து எடுத்து 'ஏஐஓ பம்ப்' இடத்தில் செருகுங்கள். விசிறிகள் இரண்டும் சிபியு ஃபேனிலேயே இருக்கட்டும். அவற்றில் ஒன்று, பம்ப் விட்டுச்சென்ற மூன்றாவது கம்பியுள்ள கிளைக்கு வரவேண்டும். பயாஸில் பம்ப் ஹெடரை எப்போதும் முழு வேகம் என்றும், சிபியு ஃபேனைப் பிடபிள்யூஎம் என்றும் வையுங்கள்.

பழையசாலிடர்:

மேலே சொன்னது முற்றிலும் சரி. கிளை மாற்றுவதை மட்டும் மறந்துவிடாதீர்கள். சிபியு ஃபேனில் வேகக்கணிப்பு வராவிட்டால் பல போர்டுகள் விசிறி செத்துவிட்டதென்று எண்ணி, கணினியைத் தொடங்கவிடாமல் பிழைச்செய்தியோடு நிறுத்திவிடும்.

இன்னொன்று, சாதாரண விசிறி ஹெடர் ஒன்றின் வரம்பு பெரும்பாலும் 1 ஆம்பியர், அதாவது 12 வாட். விசிறியின் மையத்தில் ஒட்டியுள்ள தாளில் அது இழுக்கும் ஆம்பியர் எழுதியிருக்கும். 0.25 என்றால் இரண்டுக்கும் சேர்த்து அரை ஆம்பியர், கவலை இல்லை. பிற்காலத்தில் ஐந்தாறு விசிறிகள் சேர்ப்பதாக இருந்தால் ஸ்பிளிட்டரை நீட்டிக்கொண்டே போகாமல், பவர் சப்ளையின் சாட்டா வயரிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஹப் (பல விசிறிகளைச் செருகும் பெட்டி) ஒன்றை வாங்குங்கள். அதில் போர்டிலிருந்து கட்டளை மட்டும்தான் வரும். விசிறியில் விளக்கு இருந்தால் அதன் 5 வோல்ட் வயரைத் தவறியும் 12 வோல்ட் விளக்கு ஹெடரில் செருகாதீர்கள், விளக்கு எரிந்துபோகும்.

வெயில்காலம்:

இணைப்பு சரியானபின் வேகக்கோட்டையும் (எந்த வெப்பத்தில் விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று காட்டும் கோடு) திருத்த வேண்டும், இல்லாவிட்டால் இரைச்சல் பாதிதான் தீரும். பிராசஸரின் வெப்பம் ஒரு நொடியில் 20 டிகிரி தாவும், திரவத்தின் வெப்பம் அப்படித் தாவாது. திரவம் 300 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 வாட் வெப்பம் அதில் இறங்கி, ரேடியேட்டரில் காற்றே படாவிட்டாலும், ஒரு டிகிரி ஏறுவதற்குப் பன்னிரண்டு நொடிக்கு மேல் ஆகும். ரேடியேட்டர் விசிறி குளிர்விப்பது திரவத்தை. ஐந்து நொடித் தாவலுக்காக அது ஓடுவதால் தம்பியின் தூக்கம் கெடுவதைத் தவிர வேறு பயனில்லை.

உங்கள் குளிர்விப்பானில் திரவ வெப்பமானி இருந்தால் விசிறிகளை அதைப் பின்பற்றச் செய்வதே மிகச் சிறந்த வழி. இல்லாவிட்டால் பயாஸில் வேகம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தாமதம் வைக்கும் இடத்தைத் தேடி, ஏறுவதற்குச் சில நொடிகளும் இறங்குவதற்கு அதைவிடக் கூடுதலாகவும் கொடுங்கள். கோட்டை 60 டிகிரி வரை 35 விழுக்காட்டில் தட்டையாக வைத்து, 75-இல் 60 விழுக்காட்டுக்கும், 90-இல் முழு வேகத்துக்கும் ஏற்றலாம். உங்கள் பிராசஸருக்கு ஏஎம்டி வைத்திருக்கும் உச்ச வரம்பு 95 டிகிரி, ஆகவே எடிட்டிங்கின்போது 80-க்கு மேல் கண்டால் பதற வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் வேகக்கோடுகளை அப்படியே எடுத்துப் போடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் பல 22 டிகிரி அறைகளில் வரையப்பட்டவை. நம் ஊரில் மே மாத மதியத்தில் அறையே 36 டிகிரி இருக்கும், திரவம் எந்நிலையிலும் அதற்குக் கீழே இறங்காது. இதை நினைவில் வைத்து, ஏசி இல்லாத அறையில், மாலை நேரத்தில் உட்கார்ந்து கோட்டை வரையுங்கள்.

நீலவானம்:

மூவருக்கும் நன்றி. குழாய்களைப் பிடித்துப் பார்த்தேன், கணினி ஓய்வாக இருந்தும் மேல்குழாய் நன்றாகவே சுட்டது, கீழ்க்குழாய் அறையின் வெப்பத்தில் இருந்தது. பம்பின் வயரை மாற்றியதும் அதன் வேகம் 2,700-லேயே நிற்கிறது. ஓய்வில் 46 டிகிரி, உலாவி திறந்தால் 58, விசிறிகளின் வேகம் மாறவே இல்லை. நேற்றிரவு நாற்பது நிமிட வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் செய்தபோது 84 வரை ஏறி அங்கேயே நின்றது, ஓசையும் ஒரே சீராக இருந்தது. ஆனால் இப்போது பம்பிலிருந்து மெல்லிய சலசலப்பு கேட்கிறது. அது இயல்பானதா?

கம்பிச்சுருள்:

உள்ளே சிறிதளவு காற்று இருப்பது இயல்புதான். ரேடியேட்டர் கேபினெட்டின் கூரையில் இருந்தால் அந்தக் காற்று மேலே போய்த் தங்கிவிடும், இரண்டொரு நாளில் ஓசை அடங்க வேண்டும். முன்பக்கத்தில் இருந்தால், ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பம்ப் உயரத்தில் இருந்தால் காற்று அதிலேயே வந்து சேரும். ரேடியேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறதென்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.