இரும்படிக்கத் தொடங்குபவர் முதலில் எதைப் பழக வேண்டும்?

பின்கட்டுப் பட்டறை:
வீட்டின் பின்புறம் சிறிய கரி உலை அமைத்து இரும்பு வேலை பழக விரும்புகிறேன். கட்டட வேலையில் மிஞ்சிய டிஎம்டி கம்பிகளும் பழைய ஜிஐ குழாய்களும் கைவசம் உள்ளன. அவற்றைக் கொண்டே ஒரு கத்தி செய்யலாமா? இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்குத் தண்டவாளத் துண்டு போதும் என்கிறார்கள், சரிதானா?

கரியும் காற்றும்:
ஜிஐ குழாயை உலைப்பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் ஆவியாகி வெண்புகையாக எழும்; அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல்போல நடுக்கமும் உடல்வலியும் வரும். டிஎம்டி கம்பியில் கரிமம் குறைவாதலால் கத்தியாக அடித்தாலும் கூர் நிற்காது.

கத்தியை இப்போதைக்கு மறந்துவிட்டு, 10 அல்லது 12 மி.மீ. மைல்டு ஸ்டீல் (கரிமம் குறைந்த மென்னிரும்பு) சதுரக் கம்பியை வாங்கி, முனையை நீட்டிக் கூராக்கவும் கொக்கி வளைக்கவும் பழகுங்கள். முதலில் சதுரமாகவே கூராக்கி, பிறகு மூலைகளைத் தட்டி எண்கோணமாக்கி, கடைசியில்தான் உருட்ட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே உருட்டி அடித்தால் உள்ளே வெடிப்பு விழுந்து முனை பிளந்துவிடும்.

சம்மட்டி:
நிறத்தைப் படிப்பதுதான் பாதித் தொழில் என்பேன். ஆரஞ்சு மஞ்சளாகும் நிலையில், ஏறத்தாழ 1,000 முதல் 1,150 டிகிரி செல்சியஸ் வரை, மைல்டு ஸ்டீல் நன்றாக இளகிக் கொடுக்கும். செம்மை மங்கியதும், இன்னும் இரண்டு அடி அடிக்கலாமே என்ற ஆசையை அடக்கி, உலைக்குத் திருப்புங்கள். வெண்ணிறமாகிப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது என்று பொருள். அந்தப் பகுதி இனி உதவாது. வெயிலில் இந்த நிறங்கள் தெரியா என்பதால் உலைக்கு நிழல் கட்டாயம்.

தண்டவாளத் துண்டை நட்டுக்குத்தாக நிறுத்தினால் நல்ல பட்டடைதான். ஆனால், ரயில்வே சொத்தை முறைகேடாக வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கணக்கில் வராத துண்டை வாங்குவதைவிட, காயலான் கடையில் கனத்த இரும்புக் கட்டை ஒன்றைத் தேடி மரத்தண்டில் பதித்துக்கொள்ளலாம்.

பின்கட்டுப் பட்டறை:
நன்றி. பின்னாளில் கத்திக்கு எந்த இரும்பு ஏற்றது?

கரியும் காற்றும்:
லாரி ஸ்பிரிங் பட்டை. அடித்து முடித்தபின், காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே கொண்டுபோய், இளஞ்சூடான எண்ணெயில் தோய்ச்சல் போடுங்கள். தண்ணீரில் முக்கினால் விரிசல் விடக்கூடும். ஆறியதும் அரத்தால் உரசினால் அரம் வழுக்க வேண்டும்; அப்போதுதான் அலகு கடினமாகியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் அலகு கண்ணாடிபோல் நொறுங்கும் என்பதால், உடனே மேற்பரப்பைத் தேய்த்து வெளுப்பாக்கி, வைக்கோல் நிறம் படரும்வரை 220 டிகிரி அளவில் மெதுவாகச் சூடேற்றுங்கள். எண்ணெய்ப் பாத்திரம் தீப்பற்றினால் மூட, இரும்பு மூடியொன்று பக்கத்திலேயே இருக்கட்டும்.