நாம் இல்லாத நேரத்தில் ஓனர் கடையைத் திறந்தால்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை, தையல் கடை

எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் பதினோரு வருஷமாக லேடீஸ் டெய்லரிங் கடை வைத்திருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். மூன்று மெஷின், துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் ஒன்று, ஒரு கட்டிங் டேபிள். அவ்வளவுதான் கடை. வாடகையை மாதம் 5-ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுவேன். கொரோனா ஊரடங்கில் பாதி பாதியாகக் கொடுத்தேன், அந்தப் பாக்கியையும் அடுத்த தீபாவளிக்குள் அடைத்துவிட்டேன்.

நடந்தது ஆவணி மாதம், முகூர்த்த நேரம். என்னிடம் வரும் ஒவ்வொரு பிளவுஸுக்கும் பிட்டு (தைக்க வேண்டிய துணி), லைனிங், அளவு பிளவுஸ் மூன்றையும் ஒன்றாகச் சுருட்டி, பெயரும் கொடுக்க வேண்டிய தேதியும் எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்தி வைப்பேன். அன்று இரவு ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கும்போது டேபிள்மேல் இருபத்தாறு சுருட்டு, தேதி வரிசையில் இருந்தது.

காலையில் திறந்தால் டேபிள் காலி. எல்லாச் சுருட்டும் தரையில், மெஷின் ஓரமாக, பேப்பர் விரித்து அதன்மேல் குவிந்து கிடக்கிறது. ஏழு சுருட்டில் சீட்டு கழன்று, உள்ளே இருந்ததும் பிரிந்து கலந்து கிடந்தது. டேபிள்மேல் டீ கிளாஸ் வைத்த வட்டம். பூட்டு பூட்டியபடியே இருந்தது, ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. பக்கத்துக் கடை அண்ணன்தான் சொன்னார்: "உங்க ஓனர்தாம்மா ராத்திரி ரெண்டு பேரோட வந்தாரு. டேப்பு வச்சு அளந்துக்கினு இருந்தாங்க."

கட்டடத்தை விற்கப் போகிறாராம். புரோக்கரையும் வாங்கப் போகிறவரையும் கூட்டி வந்திருக்கிறார். கடை கொடுத்த அன்றைக்கு ஷட்டர் சாவியில் ஒன்றை என்னிடம் கொடுத்து ஒன்றை அவர் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

போய்க் கேட்டேன். "ஏம்மா, என் கட்டடத்த நான் பாக்கக் கூடாதா? உன் துணிய எவன் எடுத்தான்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் கணவர் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இரண்டு மாதம் வாடகை பற்றி வாயே திறக்கவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் வலித்தது. "ஐயா, கட்டடம் உங்களுது. உள்ள இருக்கிற துணி உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல. ஊரார் துணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

கழன்ற ஏழு சீட்டையும் ஞாபகத்தை வைத்தும் போன் போட்டுக் கேட்டும் மறுபடி குத்தினேன். ஐந்து சரியாக வந்தது. இரண்டு ஒன்றுக்கொன்று மாறிவிட்டது. அதில் ஒன்று திருவொற்றியூர் கல்யாணப் பெண்ணின் பச்சைப் பட்டு, புடவையோடு சேர்த்து நெய்த பிட்டு, அதை வேறொருவர் அளவில் வெட்டிவிட்டேன். எந்தக் கடையில் போய் அந்தப் பிட்டை வாங்க முடியும்? பெண்ணின் அம்மாவிடம் கேட்டு, புடவையில் உள்ளே செருகுகிற ஓரத்தில் நாலு விரல் துணி எடுத்து, கக்கத்தில் துண்டு வைத்து, ஒட்டுத் தெரியாமல் இருக்க அதன்மேல் ஜரிகை பார்டர் ஓட்டினேன். அந்த அம்மா கையைத் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தையல் கூலியை நான் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது என் கேள்வி: வாடகைக்கு விட்ட கடைக்குள் ஓனர் எப்போது வரலாம், எப்போது வரக் கூடாது? நான் பூட்டை மாற்றினால் தப்பா? உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

தண்டையார்பேட்டை, பிசியோதெரபி கிளினிக்

உங்களுக்கு இரவில் நடந்தது, எனக்குப் பகலிலேயே நடந்தது. இடுப்பு வலிக்காக ஒரு அம்மா திரைக்குப் பின்னால் குப்புறப் படுத்திருக்கிறார், முதுகில் கரண்ட் சிகிச்சைக்கான பேட் ஒட்டியிருக்கிறேன். ஓனர் பேங்க்கிலிருந்து மதிப்புப் போட வந்தவரோடு நேராக உள்ளே வந்து, "ஒரே நிமிஷம் டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே திரையை விலக்கிவிட்டார். அந்த அம்மா எழுந்து புடவையைச் சுற்றிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் அவர் சிகிச்சைக்கு வரவே இல்லை. ஓனர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் அந்த அம்மாவிடம் யார் கேட்பது?

இப்போது ஞாயிறு மட்டும்தான் பார்வையிட வரலாம் என்று எழுதி வாங்கியிருக்கிறேன்.

கொத்தவால்சாவடி, மளிகை குடோன்

இங்கிருந்த காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்ட கடைகளில் எங்களுடையதும் ஒன்று. அப்பா காலத்துக் குடோன். 2016 கடைசியில், நோட்டு செல்லாது என்று அறிவித்த சமயம், எங்கள் வியாபாரம் முழுக்க ரொக்கத்தில்தான் ஓடியது, இரண்டு மாத வாடகை நின்றுபோனது. ஒரு நாள் காலையில் போனால் என் பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டு தொங்குகிறது. உள்ளே துவரம்பருப்பு, மிளகாய், தனியா எல்லாம் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

ஸ்டேஷனுக்குப் போனேன். "இது சிவில் மேட்டர், பேசித் தீத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் ஒரு வக்கீலைப் பார்த்தேன். 1963-ஆம் வருஷத்துக் குறிப்பிட்ட தீர்வுச் சட்டத்தில் (Specific Relief Act) 6-வது பிரிவு என்று ஒன்று இருப்பதை அவர் சொன்னார். சட்டப்படி இல்லாமல் ஒருவரை இடத்தைவிட்டு வெளியேற்றினால், அவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்ப வாங்கலாம். சொத்து யாருடையது என்பதே அங்கே கேள்வி இல்லை. வாடகைப் பாக்கியா, அதற்கு ஓனர் தனியாக வழக்குப் போடட்டும், பூட்டுப் போடக் கூடாது என்றார்.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு 23-வது நாள் பூட்டைக் கழற்றினார்கள். வழக்குவரை போகவில்லை. ஆனால் அந்த 23 நாளில் மிளகாய் மூட்டை பாதி பூசணம் பிடித்துவிட்டது. மழைக்காலம், காற்றாடக் கதவைத் திறந்துவிட ஆள் இல்லை. நான் வாடகை பாக்கி வைத்தது தப்புதான், அதை மறைக்கவில்லை. அதற்காக மூட்டையை அழுக விட்டதை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

தையல்கார அக்கா, பூட்டை மாற்றுவதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். கோபத்தில் செய்தால் அதையே நம்மேல் திருப்பிவிடுவார்கள்.

வியாசர்பாடி, கட்டட உரிமையாளர்

ஓனர் பக்கமிருந்து ஒருவராவது எழுத வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மிக்ஜாம் புயல், 2023 டிசம்பர் 4. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கீழே உள்ள கடையில் நோட்டுப் புத்தக மொத்த வியாபாரம். கடைக்காரத் தம்பி ஊருக்குப் போயிருந்தார், போன் லைனே கிடைக்கவில்லை. ஷட்டருக்கு அடியில் தண்ணீர் உள்ளே போவது மாடியிலிருந்து தெரிகிறது. உள்ளே மெயின் சுவிட்ச் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில்தான் இருக்கிறது.

திறந்துவிட்டேன். மெயினை இறக்கினேன். நானும் என் மகனும் எதிர் வீட்டுப் பையன்களும் கட்டுக்கட்டாக நோட்டுகளை எடுத்து மேல் ரேக்கில் அடுக்கினோம். நாலு மணி நேரம் ஆனது.

மூன்று நாள் கழித்துத் தம்பி வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அடுத்த நாள் வந்து தயங்கித் தயங்கி, "சார், கல்லாவில ஒரு எட்டாயிரம் வச்சிருந்தேன்" என்றார். நான் கல்லாப் பக்கமே போகவில்லை. என் பிள்ளையும் போகவில்லை. எதிர் வீட்டுப் பையன்களைச் சந்தேகப்படவும் எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பணம் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. தம்பி அதை மறுபடி பேசவில்லை, ஆனால் பழைய பேச்சு எங்களுக்குள் இல்லை.

இதனால் நான் கற்றுக்கொண்டது ஒன்று. இனி அவசரத்துக்குத் திறக்க நேர்ந்தாலும், ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே மகன் கையில் போனைக் கொடுத்து, வெளியே வந்து பூட்டும்வரை நிறுத்தாமல் வீடியோ எடுக்கச் சொல்வேன்.

பாரிமுனை, வழக்கறிஞர்

எல்லோருடையதையும் படித்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன். ஒவ்வொருவர் விவகாரமும் அவரவர் அக்ரிமென்ட்டைப் பொறுத்தது, அதை முதலில் எடுத்துப் படியுங்கள்.

சொத்து மாற்றுச் சட்டம், 1882. அதில் 108-வது பிரிவுதான் ஓனருக்கும் வாடகைதாரருக்கும் உள்ள உரிமை, கடமை எல்லாவற்றையும் பேசுகிறது. அக்ரிமென்ட்டில் வேறு மாதிரி எழுதாதவரை இது பொருந்தும். வாடகையைக் கொடுத்து, ஒத்துக்கொண்டபடி நடந்தால், குத்தகைக் காலம் முடியும்வரை இடையூறு இல்லாமல் இடத்தை வைத்துக்கொள்ளலாம் என்கிறது ஒரு உட்பிரிவு. இன்னொரு உட்பிரிவு, நியாயமான நேரத்தில் ஓனரோ அவர் ஆளோ உள்ளே வந்து கட்டடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வாடகைதாரர் அனுமதிக்க வேண்டும் என்கிறது. பழுது இருந்தால் ஓனர் நோட்டீஸ் கொடுக்கலாம். அது வாடகைதாரரால் வந்த பழுது என்றால் 3 மாதத்துக்குள் அவர் சரிசெய்ய வேண்டும். ஆக, "வரவே கூடாது" என்று நாமும் சொல்ல முடியாது, "எப்போது வேண்டுமானாலும் வருவேன்" என்று அவரும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் இதற்குமேல் 2017-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்துவது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது, 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. வீட்டுக்கும் கடைக்கும் பொருந்தும். இதில் தெளிவாகவே இருக்கிறது: ரிப்பேருக்கோ பார்வையிடவோ உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். எதற்காக, எந்த நாள், எத்தனை மணி என்பதும் அதில் இருக்க வேண்டும். தீ, வெள்ளம் என்றால் யாரும் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள், வியாசர்பாடி ஐயா செய்தது சரி. கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் ஓனருக்கு உரிமை இல்லை, அப்படிச் செய்தால் இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.

இந்தச் சட்டப்படி அக்ரிமென்ட் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். நம் பக்கத்தில் பாதிப் பேர் அட்வான்ஸ் கொடுத்து, 11 மாதத்துக்கு ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, அதற்கப்புறம் வாய்வார்த்தையிலேயே வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பிரச்சினை வரும்போது அதுதான் முதலில் நம்மைக் கவிழ்க்கிறது.

பூட்டு மாற்றுவது பற்றி: ஓனர் சாவி வைத்துக்கொள்ளலாம் என்று அக்ரிமென்ட்டில் இல்லையென்றால் நீங்கள் மாற்றுவதில் தவறில்லை என்பது என் கருத்து. சொல்லிவிட்டு மாற்றுங்கள். கட்டடத்தை விற்றாலும் வாடகை ஒப்பந்தம் செத்துப்போகாது. வாங்குகிறவர் ஓனரின் உரிமையோடு அவருடைய பொறுப்பையும் சேர்த்துத்தான் வாங்குகிறார், சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-வது பிரிவு.

கொருக்குப்பேட்டை, லேத் பட்டறை

சுருக்கமாக. எங்கள் ஓனர் வாரம் ஒருமுறை வந்து நிற்பார். தொந்தரவு என்று நினைத்து ஒருநாள் வெளியே நிறுத்திப் பேசி அனுப்பினேன். அப்போதுதான் அவர், நான் கேட்காமல் சுவரை உடைத்து இரும்புக் கர்டர் இறக்கிப் பரண் கட்டியதைக் காட்டினார். சுவரில் விரிசல் மேல் மாடிவரை போயிருந்தது. மேலே அவருடைய தாயார் இருக்கிறார். அவர் வந்து நின்றதற்குக் காரணம் அதுதான். கர்டரை எடுத்துவிட்டுச் சுவரைப் பூசிக் கொடுத்தேன்.

பழைய வண்ணாரப்பேட்டை, தையல் கடை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

வக்கீல் ஐயா எழுதியதைப் பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஓனர் வீட்டுக்குப் போனேன். சண்டைக்குப் போகவில்லை, அந்தப் பச்சை பிளவுஸின் போட்டோவையும் கொண்டுபோனேன். கக்கத்து ஒட்டைக் காட்டினேன். அவர் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஐயாவே, "நான் ராத்திரியில போயிருக்கக் கூடாதும்மா" என்றார்.

புது அக்ரிமென்ட் எழுதிவிட்டோம், பதிவுக்கும் கொடுத்திருக்கிறோம். முந்தின நாளே வாட்ஸப்பில் எழுதி அனுப்பிவிட்டு, நான் கடையில் இருக்கும்போதுதான் வருவார். ஷட்டர் பூட்டை மாற்றிவிட்டேன். புதுச் சாவியில் ஒன்றைக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அவர் பீரோவில் வைத்திருக்கிறோம். தீ, வெள்ளம் என்றால் மட்டும் கிழிக்கலாம்.

போன வியாழக்கிழமை வாங்குகிறவர் மறுபடி வந்தார். புதன் மத்தியானமே மெசேஜ் வந்துவிட்டது. சுருட்டுகளை எல்லாம் வரிசை மாறாமல் மேல் ரேக்கில் ஏற்றிவிட்டு டேபிளைக் காலி செய்து கொடுத்தேன். இருபது நிமிஷத்தில் அளந்துவிட்டுப் போனார்கள். கிரயம் தை மாதத்தில் என்கிறார்கள். அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே புது ஓனர் கையில் கொடுப்பதாக ஐயா சொல்லியிருக்கிறார்.